பட்டியலில் காட்டுப்பூனை

நான் பிழை திருத்துகிறவள். பாடப்புத்தகங்கள் அச்சுக்குப் போவதற்கு முன் என் மேசைக்கு வந்துவிட்டுத்தான் போகும். மேசை என்றால் பெரிதாக ஒன்றும் இல்லை. போடியில் மலைமேல் மெட்டுக்குப் போகிற ரோட்டில், ஊர் முடிகிற இடத்தில் எங்கள் வீடு. அதன் முன்னறை ஜன்னலோரம் ஒரு பழைய மரமேசை. இருபது வருடமாக அடுத்தவர் எழுத்தில் குற்றம் கண்டே சாப்பிட்டதில் எனக்கு ஒரு குணம் வந்துவிட்டது. எதைப் பார்த்தாலும் அதில் அதிகப்படியாக என்ன இருக்கிறது என்றுதான் கண் முதலில் தேடும். மளிகைச் சீட்டு, கல்யாணப் பத்திரிகை, பஸ்சு நெற்றியில் எழுதியிருக்கும் ஊர்ப்பெயர் என்று எதையும் விடமாட்டேன். அந்தக் கண்தான் போன ஆனி மாதக் கடைசியில் அந்தப் பெயரைப் பார்த்தது.

வீட்டில் நானும் ஆத்தாவும் மட்டும். அப்பா இறந்து ஆறு வருடம் ஆகிறது. அவர் இருந்தவரை மலைமேல் எங்களுக்குச் சின்னதாக ஓர் ஏலத்தோட்டம் இருந்தது. ஒரு தம்பி. அவன் நாலு வருடத்துக்கு முன் வீட்டைவிட்டுப் போனான். போனான் என்று எழுதுவது என் சௌகரியத்துக்காக. நான்தான் துரத்தினேன்.

அது ஓர் ஆடி மாதச் சாயங்காலம். காலையில் சாரலாக ஆரம்பித்தது மூன்று மணிக்குள் பெருமழையாகிவிட்டது. குடித்துவிட்டு வந்து கதவைத் தட்டினான். முதல் தடவை என்றால் பொறுத்திருப்பேன். ஆத்தா பின்கட்டில் இருந்தாள், மழைச் சத்தத்தில் அவளுக்கு எதுவும் காதில் விழவில்லை. நான் தாழ்ப்பாளைப் போட்டுவிட்டு, கதவுக்கு இந்தப் பக்கம் நின்று அவனிடம் இரண்டே வார்த்தை சொன்னேன். தட்டுவது நின்றது. அந்த இரண்டு வார்த்தையும் அவனுக்கும் எனக்கும் மட்டும்தான் தெரியும். ஆத்தா கேட்டபோதுகூட, "திட்டினேன், போயிட்டான்" என்பதோடு நிறுத்திக்கொண்டேன்.

அதன் பிறகு அவன் நம்பர் எடுக்கவே இல்லை. மேலே ஏதோ ஒரு தோட்டத்தில் வேலை செய்கிறான் என்றார்கள். இரண்டாம் வருடம் மழையில் ஒரு சரிவில் மண் இறங்கி, கூலிக்காரர்கள் குடியிருக்கும் லயத்து வீடுகள் இரண்டு மூடிப்போயின. அந்த லயத்தில் முந்தின வாரம் அவனைப் பார்த்ததாக ஒரு ஜீப்பு டிரைவர் வந்து சொன்னார். தோண்டி எடுத்தவர்களில் அவன் இல்லை. தப்பித்து வந்தவர்களிலும் இல்லை. ஆத்தாவின் தம்பி, சிலமலையில் இருக்கும் எங்கள் மாமா, மூன்று தடவை மலை ஏறி இறங்கிவிட்டு வந்து சும்மா உட்கார்ந்திருந்தார். அன்றிலிருந்து எங்கள் வீட்டில் அவன் உயிரோடு இருப்பவர் கணக்கிலும் இல்லை, செத்தவர் கணக்கிலும் இல்லை. அப்பாவுக்குத் திதி கொடுக்கும்போதெல்லாம் மாமா ஆத்தாவின் முகத்தைப் பார்ப்பார். ஆத்தா வேறு எங்காவது பார்ப்பாள்.

இந்த வருடம் மாமா விடவில்லை. ஆடி அமாவாசைக்கு ஆற்றங்கரையில் தர்ப்பையில் உருவம் செய்து அவனுக்குக் காரியம் பண்ணிவிடுவது என்று பேச்சு எடுத்தார். "அவென் கரையேறாம சுத்திக்கிட்டுக் கெடக்கக் கூடாதுல்லக்கா" என்றார். ஆத்தா என்னைப் பார்த்தாள். சரி மாமா, செஞ்சுடலாம் என்று சொன்னவள் நான்தான். எனக்கு எப்படியாவது முடிந்தால் போதும் என்றிருந்தது.

இப்போது இன்டர்நெட்டுக்கு வருகிறேன்.

எங்கள் வீட்டுக்கு முதலில் வைஃபை கொண்டுவந்தவன் தம்பிதான். உள்ளங்கை அளவு ஒரு பெட்டி வாங்கி வந்து ஜன்னலில் வைத்தான். ஜீப்புக்காரர்கள் எங்கள் வீட்டை 'ஏலக்காய் வீடு' என்பார்கள், அதையே வைஃபைக்குப் பெயராக வைத்தான். பாஸ்வேர்டாக எங்கள் சாக்கு மார்க்கைப் போட்டான். ஏலத்துக்குப் போகிற ஒவ்வொரு மூட்டையின் மேலும், இது இன்னார் சரக்கு என்று தெரிவதற்காகத் தகர அச்சை வைத்து நீல மை பூசுவோமே, அந்த மார்க். தாத்தா பெயரின் இரண்டு எழுத்து, தோட்டத்தின் இரண்டு எண். பெட்டி எட்டு எழுத்து வேண்டும் என்று அடம்பிடித்ததால் மார்க்கையே இரண்டு தடவை போட்டான். "அக்கா, உனக்கு மறதி சாஸ்தி. மறந்தா சாக்கப் பாத்துக்க" என்றான். எனக்கு மறதி என்று சொன்ன ஒரே ஆள் அவன்தான்.

அவன் போன கொஞ்ச நாளில் அந்தப் பெட்டியும் கெட்டுப்போயிற்று. நான் கைப்பேசி நெட்டை வைத்தே சமாளித்தேன். இந்த வருடம் வண்ணப் படங்களோடு புத்தகம் அனுப்ப ஆரம்பித்தார்கள். ஒரு பாடம் இறங்க அரை நாள் ஆனது. வேறு வழியில்லாமல், கடைத்தெருவில் கேபிள் நடத்தும் பாயைக் கூப்பிட்டு லைன் இழுக்கச் சொன்னேன். எங்கள் பக்கத்து வீடுகளுக்கெல்லாம் அவர்தான் நெட்டு. என் வயதுதான் இருக்கும், ஆனாலும் யக்கா என்பார். சுவரில் புதுப் பெட்டியை மாட்டிவிட்டு, பெயர் என்ன, பாஸ்வேர்டு என்ன என்று கேட்டார்.

"பழசையே போடுங்க பாய். ஆத்தா போனுல மறுபடி மொதல்லருந்து அடிச்சுக் குடுக்க எனக்கு நேரமில்ல."

அவரும் போட்டுவிட்டுப் போனார். ஆத்தாவின் போன் தானாகவே பிடித்துக்கொண்டது. நான் சோலியைப் பார்க்க உட்கார்ந்தேன்.

பத்து நாள் நன்றாக ஓடியது. பிறகு தினமும் சாயங்காலம் நாலரை மணிக்கு நெட்டு படுத்துவிடும். ஐந்துக்கு எழுந்து உட்காரும். நான் திருத்திய பக்கங்களை அனுப்புகிற நேரமே அதுதான். ஆத்தாவும் உள்ளறையிலிருந்து, "இந்தா, வட்டமா சுத்துது பாரு" என்று போனைத் தூக்கிக் காட்டுவாள். அவள் ஒரு நாள் இன்னொன்றும் சொன்னாள். "நாலரைக்கு வீட்டுக்குள்ள இன்னொரு ஆளு இருக்குற மாதிரியே இருக்குதுடி." வயதானால் அப்படித்தான் என்று நினைத்துக்கொண்டு, பாயைப் போனில் கூப்பிட்டுக் கத்தினேன்.

பாய் நாலரைக்கே வந்தார். தன் போனில் எங்கள் பெட்டியின் பக்கத்தைத் திறந்து, இப்போது யார் யார் இதில் சேர்ந்திருக்கிறார்கள் என்ற பட்டியலைக் காட்டினார். நானும் ஆத்தாவுமாக இரண்டு வரி இருக்க வேண்டிய இடத்தில் பத்தொன்பது வரி இருந்தது.

"யாரு பாய் இவங்கெல்லாம்?"

அவர் ஜன்னலுக்கு வெளியே கையை நீட்டினார். எதிரே டீக்கடை. மலையிலிருந்து இறங்கி வரும் ஜீப்புகள் அங்கேதான் நிற்கும். தோட்ட வேலை முடிந்து ராசிங்காபுரம், சிலமலைப் பக்கம் போகிற பெண்களும் சில ஆண்களும் இறங்கி, ஒரு டீ குடித்துவிட்டு, நாலே முக்காலுக்கு மறுபடி ஏறுவார்கள். அன்றைக்குத் தூறல். எல்லார் தலையிலும் சாக்கு. சாக்கின் ஒரு மூலையை இன்னொரு மூலைக்குள் செருகி, கூம்பாக்கித் தலையோடு முதுகை மூடிப் போட்டுக்கொள்வார்கள். மலையில் அதற்குக் கொங்காணி என்று பெயர். அப்பா போன பிறகு மிச்சம் கிடந்த ஒரு கட்டுச் சாக்கை, வீணாகப் போகிறதே என்று தம்பிதான் அந்த ஜனங்களுக்குத் தூக்கிக் கொடுத்தான். ஒவ்வொரு முதுகிலும் நீல மையில் எங்கள் மார்க் இருந்தது.

"டீக்கடைக்காரர்ட்ட கேட்டுப் பாருங்க. வைஃபை வேணுமா, முன்னால நிக்கிறவன் முதுகப் பாத்து ரெண்டு தடவ அடின்னு சொல்லிக்கிட்டு இருக்காரு" என்றார் பாய். "வீட்டுச் சாவிய ஊரு முதுகுல எழுதி விட்டுருக்கீங்க யக்கா."

எனக்குச் சுறுசுறுவென்று கோபம் ஏறியது. இரண்டு மாதமாக நான் கட்டுகிற நெட்டில் ஊரே படம் பார்த்துக்கொண்டிருக்கிறது. "மாத்துங்க. இப்பவே மாத்துங்க" என்றேன். பாய் மாற்றும் இடத்தைத் திறந்தார். அதற்குள் நான், பழக்க தோஷம், பட்டியலைக் கீழிருந்து மேலாக ஒரு தடவை படித்தேன். நல்ல பிழைகள் கடைசி வரியில்தான் ஒளிந்திருக்கும்.

கடைசி வரியில் காட்டுப்பூனை என்று இருந்தது.

"கைய எடுங்க பாய்" என்றேன்.

அது தம்பியின் போன். கண்ட நேரத்தில் வந்து, சட்டியை உருட்டிக் கறியைத் தின்றுவிட்டுப் போகிறானே என்று அவனை நான் காட்டுப்பூனை என்றுதான் வைவேன். அதைக் கேட்டுவிட்டு, வேண்டுமென்றே தன் போனுக்கு அந்தப் பெயரை வைத்து என்னிடம் கொண்டுவந்து காட்டினான். அதே பெயர், நாலு வருடத்துக்குப் பிறகு, என் வீட்டுப் பட்டியலில் வந்து நிற்கிறது. பழைய பெயரையும் பழைய பாஸ்வேர்டையும் நான் சோம்பேறித்தனமாக மறுபடி போட்டதால், அந்தப் போன் யாரையும் கேட்காமல் தானே உள்ளே வந்துவிட்டது.

பாய் அந்த வரியைத் தட்டிப் பார்த்தார். "இது ஒண்ணும் பாக்கல யக்கா. எதையும் எறக்கல. சும்மா வந்து ஒட்டிக்கிட்டு நிக்கிது."

நாங்கள் பார்த்துக்கொண்டிருக்கும்போதே அது பட்டியலிலிருந்து போய்விட்டது. பதினோரு நிமிடம் இருந்ததாகக் காட்டியது. ஜன்னலில் பார்த்தேன், ஜீப்புகள் கிளம்பிக்கொண்டிருந்தன.

பாயிடம் விஷயத்தைச் சொன்னேன். அவர் நெற்றியைத் தடவிக்கொண்டார். "மனசுல எதையும் ஏத்திக்காதீங்க. மேல போனெல்லாம் பத்துக் கை மாறும். செத்தவுக போனு, தொலைஞ்ச போனு எல்லாம் யாரு கையிலயோ ஓடிக்கிட்டு இருக்கும். பேர மாத்த யாரு மெனக்கெடுறா?" கிளம்பும்போது என்னைச் சிரிக்கவைக்க நினைத்தாரோ என்னவோ, "வேற மாதிரி எதுவும் நெனைக்காதீங்க. பேயிக்கு எதுக்கு யக்கா நெட்டு, அதுக்குச் சார்ஜு போட எடம் வேணும்ல" என்றார். எனக்குச் சிரிப்பு வரவில்லை.

ஆடி அமாவாசைக்குப் பதினேழு நாள் இருந்தது. உயிரோடு இருப்பவனுக்குப் பிண்டம் வைக்கப்போகிறேனா, இல்லை, செத்தவனின் போனைப் பார்த்து ஏமாறுகிறேனா? அந்தப் பதினேழு நாளும் எனக்கு இருந்தது இந்த ஒரு கேள்விதான். ஆத்தாவிடம் சொல்ல வாய் வரவில்லை. இல்லாததைச் சொல்லி ஆசை காட்டினால் அவள் தாங்கமாட்டாள்.

பட்டியலை எப்படித் திறப்பது என்று பாயிடம் கற்றுக்கொண்டேன். தினமும் நாலரைக்குத் திறந்துவைத்துக்கொண்டு உட்கார்வேன். காட்டுப்பூனை வரும், பதினோரு நிமிடம் நிற்கும், போய்விடும். மூன்றாம் நாள் செருப்பை மாட்டிக்கொண்டு டீக்கடைக்கே போனேன். சாக்குகளுக்குள் குனிந்து முகங்களைப் பார்த்தேன். பெண்கள் என்னைப் பைத்தியம் மாதிரி பார்த்தார்கள். ஆண்கள் ஐந்தாறு பேர், ஒருவரும் அவன் இல்லை. அல்லது நாலு வருட மலைவெயிலில் அவன் முகம் எனக்குத் தெரியாதபடி ஆகிவிட்டதா என்றும் சந்தேகமாக இருந்தது. ஒரு ஜீப்பு டிரைவரிடம் அவன் அடையாளத்தைச் சொன்னேன். அவர் கிளாசைக் கீழே வைத்துவிட்டு, "அந்த மண்ணு எறங்குன லயத்து ஆளா?" என்றார். ஆமாம் என்றேன். டீக்குக் காசை வைத்துவிட்டு ஜீப்பில் போய் ஏறிக்கொண்டார்.

ஏழாம் நாள் வேறு மாதிரி ஆயிற்று. முந்தின ராத்திரி பெய்த மழையில் மெட்டு ரோட்டில் பாறை விழுந்து, பாதையை அடைத்துவிட்டார்கள். ஒரு ஜீப்பும் மேலே போகவில்லை, கீழே வரவும் இல்லை. டீக்கடை பூட்டிக் கிடந்தது. மலை முழுவதும் மஞ்சு மூட்டத்துக்குள் போய், ரோட்டுக்கு அந்தப் பக்கம் புளியமரம்வரைதான் கண்ணுக்குத் தெரிந்தது. இன்றைக்கு வராது என்று தெரிந்தும் நாலரைக்குப் பட்டியலைத் திறந்தேன். என் பெயர், ஆத்தா பெயர், காட்டுப்பூனை.

மூன்றே வரி. பத்தொன்பது வரிக்கு நடுவில் பார்த்தபோது இல்லாத பயம் அந்த மூன்று வரியைப் பார்த்தபோது வந்தது. பெட்டியின் எல்லை சுவரிலிருந்து சுமார் முப்பது அடி என்று பாய் சொல்லியிருந்தார். அப்படியானால் முப்பது அடிக்குள் ஓர் ஆள் நிற்கிறான். வெளியே ஓடினேன். ரோட்டில் ஒருவரும் இல்லை. புளியமரத்தடியில் இல்லை. வீட்டைச் சுற்றிக்கொண்டு பின்கட்டுக்குப் போனேன், முன்பு ஏலக்காய் பொறுக்கித் தரம் பிரித்த அறையின் பூட்டு துருப்பிடித்து அப்படியே தொங்கியது. திரும்பி வரும்போதுதான் பார்த்தேன். எங்கள் மதில்சுவரின் மேல் ஒரு சாக்கு மடித்துப் போட்டிருந்தது. மார்க் மேலே தெரிந்தது. தூக்கிப் பார்த்தேன். சுவர் முழுவதும் நனைந்திருக்க, அதன் கீழே மட்டும் ஓர் ஆள் உட்காரும் அளவுக்குக் காய்ந்திருந்தது.

சாக்கை இருந்தபடியே வைத்துவிட்டு வந்தேன். வாசற்படியில் ஆத்தா நின்றுகொண்டிருந்தாள்.

"யாரத் தேடுற?"

"யாரையும் இல்ல."

"பின்ன எதுக்கு அழுகுற?"

அப்போதுதான் எனக்கே தெரிந்தது. உள்ளே வந்து பார்த்தபோது பட்டியலில் அந்தப் பெயர் இல்லை. அன்றைக்கும் பதினோரு நிமிடம்தான்.

நான் ஒரு முடிவுக்கு வர இன்னும் சில நாள் ஆயிற்று. பழைய பெயரில் தானாக வந்து ஒட்டிக்கொள்வது போன். அதற்கு ஆள் வேண்டாம், யார் பையில் கிடந்தாலும் போதும். ஆள் உண்டா, அந்த ஆள் அவன்தானா என்று தெரிய வேண்டுமென்றால், அவனைத் தவிர யாரும் திறக்க முடியாத ஒரு பூட்டைப் போட வேண்டும். பாடத்துக்குப் பின்னால் வரும் கேள்வி பதில்களைத் திருத்துகிறவளுக்கு இது தோன்ற இத்தனை நாள் ஆகியிருக்கக் கூடாது. வைஃபையின் பெயரைக் கேள்வியாக மாற்றிவிடுவது, பாஸ்வேர்டை அதன் பதிலாக வைப்பது. ஆனால் பெயரை மாற்றிய அந்த நொடி, தினமும் வருகிற அந்த வரியும் நின்றுபோகும். பதில் தெரியாத யாராவது அந்தப் போனை வைத்திருந்தால், இருக்கிற ஒரே அடையாளத்தையும் என் கையாலேயே அழித்தவள் ஆவேன்.

அமாவாசைக்கு நாலு நாள் முன் பாயைக் கூப்பிட்டேன். பெட்டியின் அடியில் ஒட்டியிருந்த கம்பெனிப் பாஸ்வேர்டை முதலில் மாற்றினார். "இத மாத்தலன்னா யாரு வேணும்னாலும் பெட்டிக்குள்ள பூந்து உங்களையே வெளிய தள்ளிரலாம்" என்றார். பொத்தானை அமுக்கினாலே சேர்த்துக்கொள்கிற வசதியையும் அணைத்தார். பிறகு புதுப் பெயரைக் கேட்டார். நான் எழுதிவைத்திருந்த சீட்டைக் கொடுத்தேன். 'மழையில என்ன சொன்னேன்' என்று இருந்தது. அவர் ஒன்றும் கேட்காமல் ஆங்கில எழுத்தில் அடித்தார். பாஸ்வேர்டு கட்டம் வந்ததும் போனை என் கையில் கொடுத்துவிட்டு, ஜன்னல் பக்கம் திரும்பி நின்றுகொண்டார்.

அந்த இரண்டு வார்த்தையை அடிக்க எனக்கு வெகுநேரம் ஆயிற்று. தம்பி முன்பு அனுப்பிய குறுஞ்செய்திகள் என் போனில் இன்னும் இருந்தன. அவன் எப்படி எழுதுவானோ அப்படியே, அவன் பிழைகளோடு போட்டேன். வாயால் கோபத்தில் சொன்னபோது ஒரு மூச்சுகூட ஆகவில்லை. விரலால் ஒவ்வொரு எழுத்தாக வைக்கும்போது, கதவுக்கு அந்தப் பக்கம் நின்று அதைக் கேட்டவன் நனைந்துகொண்டிருந்தான் என்பது உறைத்தது.

அன்றைக்கு நாலரைக்குப் பட்டியலில் ஒரே வரி, நான். மறுநாளும் நான் மட்டும். டீக்கடையில் முதுகைப் பார்த்து அடித்துப் பார்த்துவிட்டு, நெட்டு போச்சே என்று சலித்துக்கொண்ட சத்தம் வீட்டுக்குள் கேட்டது. ஆத்தாவின் போனும் வேலை செய்யவில்லை. லைனில் ஏதோ கோளாறு என்று புளுகினேன். மாமா எள்ளும் தர்ப்பையும் வாங்கிக் கொண்டுவந்து பூஜை அலமாரியில் வைத்துவிட்டுப் போனார். மூன்றாம் நாளும் இல்லை.

நாலாம் நாள் அமாவாசைக்கு முந்தின நாள். தூறிக்கொண்டிருந்தது. நாலு முப்பத்தாறு வரை ஒரு வரிதான். நான் வாயில் வந்த சாமிகளையெல்லாம் கூப்பிட்டுக்கொண்டிருந்தேன். மணி நாலு முப்பத்தேழு ஆனபோது என் பெயருக்குக் கீழே காட்டுப்பூனை வந்தது.

ஒரு கை அதை அடித்திருக்கிறது. கேள்வியைப் படித்து, நான் சொன்னதை நினைவில் எடுத்து, எழுத்து எழுத்தாக அடித்திருக்கிறது. வாசலைத் திறந்துகொண்டு ரோட்டுக்கு ஓடினேன். மூன்று ஜீப்பு நின்றது. இருபது பேருக்கு மேல், எல்லாரும் எனக்கு முதுகைக் காட்டி நின்றார்கள், எல்லார் முதுகிலும் எங்கள் மார்க். அதில் யார் என்று எனக்குத் தெரியவில்லை. "உள்ள வாடா!" என்று கத்தினேன். அத்தனை சாக்கும் ஒன்றாகத் திரும்பியது. இருட்டாக, முகம் இருக்க வேண்டிய இடத்தில் நிழலாக, அத்தனையும் என்னைப் பார்த்தன. ஒருவரும் அசையவில்லை. டிரைவர் ஹாரன் அடித்தார். அவர்கள் ஏறினார்கள், ஜீப்புகள் போயின.

அன்றைக்கே மாமாவுக்குப் போன் போட்டு, காரியம் வேண்டாம் என்றேன். ஏன் என்றார். அவன் இருக்கிறான் என்றேன். பார்த்தாயா என்றார். இல்லை என்றேன். "ஒனக்கு என்னமோ புடிச்சிருக்கு" என்று வைத்துவிட்டார். அவர் சொன்னதில் தப்பில்லை. ஒரு பெட்டிக்குள் தெரிந்த ஒரு வரியை நம்பிப் பிதுர்காரியத்தை நிறுத்தியவளை வேறு எப்படிச் சொல்வது?

ஆத்தாவிடம் எல்லாவற்றையும் சொன்னேன், அந்த இரண்டு வார்த்தையைத் தவிர. அவள் அழவில்லை. போனை எடுத்து என்னிடம் நீட்டி, "இது என்னமோ கேக்குது, போட்டுக் குடு" என்றாள். வாங்கப் போனேன். அதற்குள் கையை இழுத்துக்கொண்டாள்.

"நீ சொல்லு. நானே போடுறேன்."

அவளுக்கு ஆங்கில எழுத்து தெரியும், மூட்டைக்கு மார்க் போட்டுப் பழகிய கை. நான் ஒவ்வொரு எழுத்தாகச் சொன்னேன். அவள் கண்ணாடியைத் தூக்கிவிட்டுக்கொண்டு ஒவ்வொன்றாகத் தொட்டாள். ஏழெட்டு எழுத்து வந்ததும் வாய்க்குள் கூட்டிப் படித்தாள். விரல் நின்றுவிட்டது.

"செத்தாலும்..." என்றாள். "மிச்சம் என்ன?"

"வராத."

"இதத்தான் சொன்னியா அவன்ட்ட?"

"ஆமாத்தா."

அவள் அறைந்திருந்தால் எனக்கு நிம்மதியாக இருந்திருக்கும். மறுபடி குனிந்து மிச்ச எழுத்துகளை அடித்து முடித்தாள். போன் பிடித்துக்கொண்டது.

"அவனும் இத அடிச்சுத்தான் உள்ள வந்தானா?"

"ஆமா. மாத்திடுறேன் ஆத்தா. வேற எதையாச்சும்..."

"மாத்தாத" என்றாள். "மாத்துனா எப்படி வருவான்?"

அதனால் இன்றுவரை எங்கள் வீட்டின் பாஸ்வேர்டு அதுதான். நான் திரும்ப எடுத்துக்கொள்ள நினைக்கும் ஒரே வாக்கியத்தை நானே காவல் காக்கிறேன். மூன்று மாதத்துக்கு ஒருமுறை மாற்றுவது நல்லது யக்கா என்று பாய் சொல்லிப் பார்த்துவிட்டு விட்டுவிட்டார். வீட்டுக்கு வருகிறவர்கள் வைஃபை கேட்டால், போனை வாங்கி நானே திரும்பி நின்று போட்டுத் தருகிறேன். தெருவாசல் தாழ்ப்பாளைக் கழற்றிவிட்டேன். மதில்மேல் சாக்கு சில நாள் இருக்கும், சில நாள் இருக்காது.

அவன் வருகிறான். பதினோரு நிமிடம் நிற்கிறான். போய்விடுகிறான்.

நேற்று சாயங்காலம் வழக்கம்போல ஜீப்புகள் கிளம்பிப் போயின. பதினோரு நிமிடம் ஆயிற்று. பன்னிரண்டு ஆயிற்று. கால் மணி, அரை மணி. டீக்கடைக்காரர் பெஞ்சைத் தூக்கி உள்ளே போட்டார். பட்டியலில் அந்தப் பெயர் அப்படியே இருந்தது. நான் எழுந்து வாசலுக்குப் போனேன். வெளியே கண்ணுக்கு எட்டியவரை ஒருவரும் இல்லை. கூப்பிட வாயைத் திறந்தேன். ஆத்தா பின்னாலிருந்து என் கையைப் பிடித்தாள்.

"நீ பேசாத" என்றாள். "இன்னைக்கு மட்டும் வாயத் தெறக்காத."

கதவை முழுவதும் திறந்துவைத்துவிட்டு, இரண்டு பேரும் சத்தம் போடாமல் உட்கார்ந்திருந்தோம்.